மழைக்காட்டுக்குச் சைக்கிளில் போகிற பவுனுக்கு

பவுனு,

நீ பை வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறாய். நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இன்றைக்கு நான் நர்சரிக்குப் போகவில்லை. மூலிகைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். இரண்டாவது "சரிம்மா" வந்தால் உன் காது மூடிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தால், வயநாட்டில் மழை விடாமல் பெய்து நீ எங்கேயும் போக முடியாத ஒரு நாளில் எடுத்துப் படிப்பாய். நான் ஹாஸ்டலில் பத்தாவது வரை படித்ததற்கு இந்த ஒரு கடிதமாவது மிச்சமாகட்டும்.

போன மாதம் நீ அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதையெல்லாம் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பகலிலேயே இருட்டாக இருக்கும் காடு. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். வேர்மேல் ஏறினால் சைக்கிள் சக்கரம் வழுக்கிக்கொண்டு தனியாக ஒரு பக்கம் போகும் என்றாய். சாக்ஸுக்குள் அட்டை புகுந்ததைச் சொல்லிச் சிரித்தாய். அந்தக் காட்டில் காலங்காலமாகக் குடியிருக்கிற ஆதிவாசி மக்களே சங்கம் வைத்து, வருகிறவர்களுக்கு வழிகாட்டி, சோறு போட்டு அனுப்புகிறார்கள், அவர்களோடு சேர்ந்து சைக்கிள் பயணத்தை நடத்துவதுதான் என் வேலை என்றாய். நம் குடியிருப்பிலிருந்து இப்படி ஒரு வேலைக்கு இதுவரை யாரும் போனதில்லை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிவிட்டு வரும்போது, வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் உன் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் மட்டும் சொல்லமாட்டார்.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று என் மனசில் முள் மாதிரி நிற்கிறது. "அவங்களும் நம்மள மாதிரிதாம்மா. எனக்கு ஒண்ணும் புச்சா இருக்காது" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவர்கள் நம்மைப் போலவே இருக்கலாம். நீ அங்கே நம்மைப் போலப் போகவில்லை. இங்கே சைக்கிள்காரர் முரளி வந்தது போல நீ அங்கே போகிறாய். உன் தலையில் ஹெல்மெட், உனக்குப் பின்னால் டவுன்காரர்கள் ஒரு கூட்டம். அவர்கள் வாசலில் நின்று பார்க்கும்போது நீ இருளர் வீட்டுப் பெண் என்று எந்தச் சக்கரத்திலும் எழுதியிருக்காது.

முரளி முதன்முதலில் வந்த நாளில் நீ பள்ளிக்கூடத்து ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாய். அதனால் அது உனக்குக் கதையாகத்தான் தெரியும். நான் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தேன். எல்லம்மா அக்கா கரையில் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். திடீரென்று மலைச்சரிவிலிருந்து கலர் கலராக சைக்கிள்கள் இறங்கி வந்தன. அக்கா அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாதி பேர் எங்களைக் கவனிக்கவே இல்லை. ஒருவர் "குட்மார்னிங்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகும் நாங்கள் நெடுநேரம் தண்ணீரைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய் வழியில் நின்றேன். முன்னால் வந்தவர் பிரேக் போட்டு இறங்கினார். அவர்தான் முரளி. நாவலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை, சொந்த ஊர் கோவில்பட்டி.

"இது ரோடு இல்ல சார்" என்றேன். "எங்க வூட்டு வழி. பொம்பளைங்க குளிச்சிகினு இருக்கசொல்ல பூந்து வர்றீங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "தெரியாம வந்துட்டோம்க்கா. ஏரிக்கரைப் பாதைன்னு நெனச்சோம்" என்றார். கூட்டத்தைத் திருப்பி வந்த வழியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சைக்கிள் இல்லாமல், சாதாரண சட்டை பேன்ட்டோடு, பஸ்ஸில் இறங்கித் தனியாக நடந்து வந்தார். யாரிடம் கேட்டால் இந்தக் காட்டுப்பக்கம் வரலாமா வேண்டாமா என்று சொல்வார்கள் என்று கேட்டார். அதுவரை நம்மிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வனத்துறைக்காரர் கேட்டதில்லை, செங்கல் சூளைக்காரர் கேட்டதில்லை, கட்சிக்காரர் கேட்டதில்லை. கேட்டதும் எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

உன் அப்பாவுக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. "நம்மள வந்து பாத்துட்டு போறதுக்கு நாம இன்னா வண்டலூர் ஜூவுலயா கீறோம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெண்கள் சங்கத்தில் பேசிப் பேசி, எங்கள் சொல்லுக்கு அவர்கள் கட்டுப்படுவதானால் வரட்டும் என்று முடிவாயிற்று. ஏரிக்கரைப் பக்கம் கிடையாது, நம் சாமி கன்னியம்மாவின் வேப்பமரத்துப் பக்கம் கிடையாது, மழை பெய்த மறுநாள் கிடையாது. சக்கரம் போன தடம் மழையில் வாய்க்காலாகி, விறகுச் சுமையோடு வெறுங்காலில் நடக்கிறவளைச் சறுக்கி விடும் என்று எல்லம்மா அக்காதான் அந்த ஒன்றைச் சேர்த்தாள். அங்கே மழைக்காட்டில் இது இன்னும் மோசமாக இருக்கும் பவுனு. நீங்கள் ஒரு நாள் குதித்துவிட்டுப் போகிற சேற்றில் அவர்கள் மழைக்காலம் முழுக்க நடக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னோம். கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. அப்படிச் சொன்னபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தோம்.

இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. வந்தவர்களுக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தோம். நம் ஆட்கள் முன்னால் நடந்து வழிகாட்டினார்கள். பிறகு முரளி ஒரு கியர் சைக்கிளைக் கொண்டுவந்து குடியிருப்பில் விட்டார், வழிகாட்டுகிறவர்களுக்கு என்று. ஆண்பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய். காரை முள்ளும் சூரை முள்ளும் கிழித்து உன் முழங்கை எப்போதும் கோடு கோடாக இருக்கும். பாறைச்சரிவில் நீ பெடலில் நின்றபடி இறங்குவதை முதல் தடவை பார்த்தபோது ஓடி வந்து பிடிக்கத் தோன்றியது. ஆனாலும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. கூட்டத்துக்கு முன்னால் என் பெண் போகிறாள், பின்னால் ஆபீஸர்கள் வருகிறார்கள் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

இனி நான் எழுதப்போவது நீ அறிந்ததுதான். இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் அதைப் பேசியதில்லை. இன்று பேசவேண்டியிருக்கிறது.

சுனாமி வந்த வருஷம், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக எல்லாரும் பயந்தார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மாவைக் கரைக்கு அழைப்பதுதான் நம் திருவிழா. அந்தக் கடலே ஊரை வாரிக்கொண்டு போன பிறகு மணலில் போய்ப் படுக்க யாருக்கு மனசு வரும்? அப்போது எல்லம்மா அக்காமேல் அம்மா வந்து, "நான் வருவேன், நீங்க வாங்க" என்று சொன்னதால்தான் நம் ஆட்கள் போனார்கள். ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதானாலும் ஒரு பெண்ணைக் கொடுப்பதானாலும் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேண்டும் என்று காத்திருந்த காலம் அது. அடுத்த வருஷம் முரளியும் அவரோடு சிலரும் மாசி மகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பெரியவர்கள் சரி என்றார்கள். வந்து, தள்ளி உட்கார்ந்து, மரியாதையாகத்தான் பார்த்தார்கள். விடிகிற நேரத்தில் மணலில் படி கட்டிப் பூ வைத்து அழைத்தபோது அக்காவுக்கு அருள் வந்தது. முடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, ஈரப் புடவையோடு அவள் நின்றாள். எல்லாரும் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தோம்.

சில மாதம் கழித்து முரளியின் சைக்கிள் குழுவினர் நாவலூரில் ஒரு விழா வைத்தார்கள். நம்மை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்வதாகச் சொன்னார்கள். நான், நீ, எல்லம்மா அக்கா மூவரும் திருப்போரூரில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். அக்கா சங்கத்தில் கொடுத்த புதுப்புடவை கட்டியிருந்தாள். ரோட்டோரத்தில், ஒரு மாடி உயரத்துக்குப் பெரிய பேனர். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார்டி இது?" என்று என்னைக் கேட்டாள்.

அருள் வந்திருக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? "நீதாங்கா" என்றேன்.

"நான் இல்ல" என்றாள். "அம்மா." புடவைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துப்போட்டுக்கொண்டு, பேனருக்கு முதுகைக் காட்டி, அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு விழா நடக்கவில்லை. முரளி தானே ஏறிக் கயிற்றை அறுத்ததை நீயும் பார்த்தாய். அந்தப் படம் பேனருக்குப் போன கதை அவருக்கும் முன்னால் தெரியாது. அச்சடிக்கக் கொடுத்தவர்கள் வேறு.

அந்த வாரமே அவர் குடியிருப்புக்கு வந்தார். சுருட்டிய பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு, மாசி மகத்தில் அந்தப் படம் எடுத்த தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினோம். அந்த பேனரை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மற்ற பேனர்கள் என்றால் கூரைமேல் போட்டுவிடுவோம், மழைக்கு நன்றாக இருக்கும். இதைப் போட முடியாது. எரிக்க முடியாது, கிழிக்க முடியாது. தரையில் வைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை, பேசி முடிகிற வரை தோளிலேயே சுமந்துகொண்டு நின்றார்.

"கேட்டுட்டுதான் எடுத்தேன்" என்றான் அந்தத் தம்பி.

"யாரைக் கேட்டே?" என்றார் முரளி. அவன் உன் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். உன்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசில்லை என்று பிறகுதான் புரிந்தது.

அப்போது நீ எழுந்தாய். பத்தாவது முடித்து வீட்டிலிருந்த வயசு. "என்னத்தான் கேட்டாரு. நான் தலையாட்டுனேன்" என்றாய். உன் அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். எல்லம்மா அக்கா, "உக்காரு" என்றாள் அவரைப் பார்த்து. பிறகு உன்னிடம், "ஏன் ஆட்டுன?" என்று கேட்டாள்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவங்க குடுத்த சைக்கிள ஓட்டிகினு கீறேன். வேணாம்னு எப்பிடி சொல்றது?"

பவுனு, அந்தப் பதிலைத்தான் நீ வயநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். உன் தப்பைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னாயே, அதை அன்றைக்கே நான் மதித்தேன். உன் முதுகைத் தடவிக் கொடுக்க அன்று முடியவில்லை. நான் சொல்வது வேறு. அங்கேயும் உன் முன்னால் ஒரு பெண் நிற்பாள். உன் சைக்கிளைத் தொட்டுப் பார்ப்பாள், உன்னைப் பார்த்துச் சிரிப்பாள், நீ எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். அவள் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்டேன் என்று சொல்வது சுலபம். கேட்ட விஷயம் யாருடையதோ அவரைக் கேட்டாயா, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்கும்படி கேட்டாயா என்று பார். நீ கொண்டுவருகிற கூட்டத்தால்தான் அவர்கள் அடுப்பு எரிகிறது என்றால், அவர்கள் "வேண்டாம்" என்ற வார்த்தையை எத்தனை கஷ்டப்பட்டு வாய்க்குக் கொண்டுவர வேண்டும் என்று உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அன்று அக்கா கடைசியில் முரளியைப் பார்த்துச் சொன்னாள்: "அத நீயே வச்சிக்க, நைனா. பிரிச்சிப் பாக்காம வச்சிக்க." அவர் தலையசைத்துவிட்டு, அதே தோளில் சுமந்துகொண்டு போனார். அதன் பிறகு சைக்கிள்கள் வரவில்லை. நீ உன் சைக்கிளைத் துடைத்து, நாவலூர் வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாய். நாங்கள் யாரும் அப்படிச் செய் என்று உனக்குச் சொல்லவில்லை. நர்சரியில் என்னோடு மண் கலந்தாய், பாக்கெட் நிரப்பினாய். அந்த மாதங்களில் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த மாசி மகத்தில் நீ அண்ணன் என்று கூப்பிடுகிற குமாருக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். எல்லம்மா அக்காவின் ஒரே பிள்ளை. கடற்கரையில், எல்லாக் கல்யாணத்தையும் போல, அம்மா சொன்ன பிறகுதான் தாலி. பொழுது விடிந்தது. படி கட்டினோம், பூ வைத்தோம், அழைத்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஈரத்தோடு நின்றார்கள். அக்கா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பாட்டு நின்று மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. சூரியன் தண்ணீரைவிட்டு மேலே ஏறிவிட்டது. பெண் வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் வேறு தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் நகம் பதிந்த தடம் மறுநாளும் என் கையில் இருந்தது.

அக்கா மெதுவாக எழுந்தாள். முடியை முடிந்துகொண்டாள். தண்ணீரில் இறங்கிக் கால் நனைத்துவிட்டுத் திரும்பி வந்து, குமாரின் எதிரில் நின்றாள். அருள் வந்த குரல் அல்ல, தினமும் அடுப்பங்கரையில் நாம் கேட்கிற குரல்.

"அம்மா வர்ல. நான் சொல்றேன்" என்றாள். "கட்டு."

அவன் கட்டினான். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். குழந்தை பிறந்து தவழ்கிறது. ஆனால் அக்காமேல் அதற்குப் பிறகு அம்மா வந்ததே இல்லை. இப்போது வேறு ஊரிலிருந்து வருகிற ஒருத்திமேல்தான் வருகிறாள். அந்தப் படத்தால்தானா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. வயசும் ஆகிறது. "நல்லதுதான், இடுப்பு நோவு இல்லாம கீது" என்று அவள் சொல்லிச் சிரிக்கிறாள். ஒவ்வொரு மாசியிலும் அழைப்புப் பாட்டு தொடங்கும்போது மட்டும் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை நீ பார்த்திருக்கிறாய். நீ பார்ப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சைக்கிள்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டதும் அவள்தான். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், சங்கக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே சொன்னாள்: "கூப்புடுங்க அவங்கள. காட்டுக்கு வரட்டும். கடலுக்கு வாணாம்." நான் போன் செய்தபோது முரளி உடனே சரி என்று சொல்லவில்லை. "எல்லம்மா பெரியம்மா சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அவரே அவளிடம் பேசி, அவள் வாயால் கேட்ட பிறகுதான் வந்தார். உன்னை வயநாட்டு வேலைக்கு அவர் சொல்லி அனுப்புகிறார் என்றபோது உன் அப்பா மறுப்பு சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

அக்காவை நினைத்து நீ குனிந்தே நடக்க வேண்டாம். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் உனக்கு மழைக்கோட்டு வாங்கித் தரச் சொல்லி குமாரை நச்சரித்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் நடந்ததை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சில காரியம் மன்னித்த பிறகும் சரியாவதில்லை. அதைத் தெரிந்துகொண்டவள் கொஞ்சம் மெதுவாகத்தான் அடுத்தவர் வாசலில் கால் வைப்பாள். அங்கே அவர்கள் பாஷையை முதலில் கற்றுக்கொள். நீ கேட்டதற்கு அவர்கள் உடனே பதில் சொல்லாவிட்டால் காத்திரு. வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதே. உன்னோடு வருகிற ஆபீஸ்காரர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, சைக்கிளைத் திருப்பு.

நீ வரும் பஸ் நேரமாகிவிட்டது. ஒரு ஆசையைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் காட்டை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். பகலில் இருட்டாக இருக்கும் காடு எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் வரலாம் என்றிருக்கிறேன். வருவதற்கு முன்னால் நீ அவர்களிடம் கேள். "எங்கம்மா" என்று சொல்லிக் கேட்காதே, அப்படிக் கேட்டால் யாராலும் மறுக்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளை வரலாமா என்கிறாள் என்று மட்டும் கேள். சரி என்றால் வந்து, அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, காட்டுகிற வரைக்கும் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் நான் கீழே கல்பற்றா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். நீ மலையிலிருந்து இறங்கி வா. இரண்டு பேரும் ஒரு டீ குடிப்போம். உன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இருக்காது.

அம்மா